சைலன்சரை இழுத்துக் கட்டாதீர்கள்: ஒரு பழைய எம்.ஜி.பி.க்குச் சேலத்தில் செய்த வேலை

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு சைலன்சர் மாற்றினேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது சத்தத்தைப் பற்றித்தான். அந்த வேலையில் நான் இறங்கக் காரணம் தலைவலி. ஏற்காடு மலைப்பாதையில் இரண்டாம் கியரில் ஏறும்போது, பாதி மலை தாண்டுவதற்குள் பக்கத்தில் இருக்கும் என் மனைவிக்குத் தலை கனக்கும், குமட்டும். ஒண்டிக்கடையில் இறங்கிக் கொஞ்ச நேரம் காற்றாட நின்றால் சரியாகிவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்து செய்கிற வேலை என்று உறவினர்கள் சொன்னார்கள். ஆனால் அதே பாதையில் எங்கள் இன்னொரு காரில் போனால் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. அப்புறம் ஒரு முறை எனக்கும் அதே கனம் தெரிந்தது. வண்டியில் இருக்கும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, இறங்கியதும் விட்டுப்போகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடை. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. புகை நாற்றம் வரவில்லை, அதனால் ஆபத்து இல்லை என்று நினைக்கவே கூடாது.

திறந்த காருக்குள் எப்படிப் புகை சேரும் என்று கேட்கலாம். முன் கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், பின்பக்கத்துக் காற்று சுருண்டு இருக்கைப் பக்கமே திரும்பி வருகிறது. துணிக்கூரையைப் போட்டுவிட்டு ஓரக் கண்ணாடியை மட்டும் இறக்கி வைத்தால் இன்னும் மோசம். அதோடு, கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ தரைத் தகட்டின் ரப்பர் அடைப்பான் விழுந்திருந்தாலோ அடியில் கசியும் புகை நேராக உள்ளே வரும். சைலன்சரைத் தொடுவதற்கு முன்பே இந்த ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். புது சைலன்சர் போட்ட பிறகும் அவை திறந்து கிடக்கக் கூடாது.

என்னுடையது 1965-ல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் செய்த எம்.ஜி.பி., இரண்டு இருக்கை வண்டி. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டக் குடும்பத்திடம் வெகுகாலம் இருந்தது. அவர்களிடமிருந்து என் மாமனார் வாங்கினார், அவரிடமிருந்து எனக்கு வந்தது. இந்த மாடல் 5 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது என்றாலும் நம் ஊரில் அபூர்வம். சேலத்தில் இதற்கென்று மெக்கானிக் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க பெட்ரோல் அம்பாசடர் பார்த்த ஒரு மேஸ்திரி கிடைத்தார். போனட்டைத் தூக்கியதும், "சார், இது நம்ம அம்பாசடர் எஞ்சினோட அண்ணனுங்க" என்றார். உண்மைதான். பழைய பெட்ரோல் அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சினும் எம்.ஜி.பி.யின் 1,798 சி.சி. எஞ்சினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் கார்புரேட்டரும், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டும் இடது பக்கமே இருக்கின்றன. நடு சிலிண்டர்கள் இரண்டுக்கும் சேர்த்துப் புகைக்கு ஒரே வாய். பெரிய நகரங்களில் அயல்நாட்டுக் கார் பார்க்கிற இடத்தைத் தேடி அலைவதைவிட, இப்படி எஞ்சினின் குடும்பத்தை அறிந்த ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறாரா என்று பாருங்கள். எனக்கு அதனால் பெரிய நன்மை.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதில் அவர் அவசரப்படவில்லை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும் காலை வேளையில்தான் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஆறிய நிலையில் மேனிஃபோல்டு இணைப்பில் இடைவெளி இருந்தால் 'டிக் டிக்' என்று கேட்கும். சூடேறி உலோகம் விரிந்ததும் அந்தச் சத்தம் குறைந்துவிடும். பலரும் வால்வ் சத்தம் என்று எண்ணி டேப்பட்டைத் திருகிக்கொண்டிருப்பார்கள். அடுத்து, கனமான துணியைச் சுருட்டி வால் குழாயை ஒரு கணம் அடைத்துப் பிடித்தார். குழாய் முழுசாக இருந்தால் எஞ்சின் திணறும். எங்கள் வண்டி திணறவே இல்லை. அதாவது புகைக்கு வேறு வழி இருக்கிறது. இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டோம். இன்னொரு அடையாளம் மலையிலிருந்து இறங்கும்போது தெரியும். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து கியரிலேயே இறங்கும்போது பின்னால் 'பட் பட்' என்று வெடித்தால், குழாயில் எங்கோ வெளிக்காற்று உள்ளே போகிறது என்று பொருள். எரியாமல் வந்த பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து குழாய்க்குள் எரிகிறது. அதை ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நோயின் அறிகுறியாகத்தான் தெரிந்தது.

முதலில் அழுகியிருந்தது சைலன்சரின் கடைசிப் பெட்டி. சூடு அதிகம் முன்னால்தான், ஆனால் துரு பின்னால்தான் பிடிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் அது. குழாய் நன்றாகச் சூடாகிவிட்டால் ஆவியாகவே வெளியே போய்விடும். சூடாவதற்கு முன் வண்டியை நிறுத்திவிட்டால் பின் பெட்டியின் அடியில் தேங்கி, கரியமில வாயுவோடு சேர்ந்து லேசான அமிலமாகி, உள்ளிருந்தே தின்னும். ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டியில் இருந்து ஐந்து ரோடு வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புகிற காரின் சைலன்சர்தான் சீக்கிரம் போகும். வாரம் ஒரு முறை ஏற்காடு ஏறுகிற காரின் சைலன்சர் நீடிக்கும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமலே விட்டுவிடுங்கள். நிறுத்தி வைத்த வண்டியை 'பேட்டரிக்காக' ஐந்து நிமிடம் ஓட விடுவது சைலன்சருக்குக் கெடுதல்தான்.

சரி, வாங்குவதா செய்வதா? இங்கிலாந்தில் இந்த வண்டிக்கு முழு செட் இப்போதும் கிடைக்கிறது. நீளமான பெட்டி என்பதால் அனுப்பும் செலவு, அதன் மேல் சுங்கவரி என்று விலை ஏறிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் வரவழைத்துப் பார்த்தார். வால் குழாய் இரண்டு விரற்கடை பக்கவாட்டில் தள்ளி நின்றது. விற்றவர்கள் பதிலே சொல்லவில்லை. கடைசியில் அதையும் நம் ஊர்ப் பட்டறையில் வெட்டி ஒட்டத்தான் வேண்டியிருந்தது. வெட்டி ஒட்டுவதே விதி என்றால், காரை வைத்து அளவெடுத்துச் செய்வதே மேல் என்று முடிவு செய்தேன்.

பழைய குழாயை முழுதாகக் கழற்றி, உடையாமல் வைத்துக்கொள்ளுங்கள். துரு தின்ற குழாய் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதன் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் உண்டு. இந்த இடத்தில் கைபிரேக் கேபிள், அந்த இடத்தில் பெட்ரோல் லைன் என்று ஒவ்வொன்றையும் ஒதுங்கித்தான் அது போகிறது. கழற்றும் முன், வண்டி தரையில் நிற்கும்போதே குழாய்க்கும் பக்கத்தில் இருப்பவற்றுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுதிக்கொண்டோம், படமும் எடுத்தோம். பட்டறையில் 8 எம்.எம். கம்பியை வளைத்து, மேனிஃபோல்டு வாயில் இருந்து வால் நுனி வரை ஒரு மாதிரி செய்தார்கள். குழாயைத் தொங்கவிடும் தாங்கிகள் வரும் இடங்களில் கம்பியிலேயே குறுக்குத் துண்டுகளை ஒட்டினார்கள். கம்பியில் செய்த அந்த மாதிரி வடிவம் இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது.

எந்த உலோகம் என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் ஜி.ஐ. பைப்பிலேயே செய்துவிடலாம், துரு பிடிக்காது என்று ஒருவர் சொன்னார். அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஜி.ஐ. பைப்பின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. அது 419 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், எஞ்சின் பக்கம் குழாய் அதைவிடச் சூடாகும். வெல்டிங் வைக்கும்போது எழும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் வேலை செய்கிறவருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

சாதாரண இரும்புக் குழாய் மலிவு, வளைப்பதும் எளிது. வண்டி முதலில் வந்ததும் அதில்தான். கொஞ்சம் ஓட்டி அதிகம் நிறுத்துகிற என் போன்றவர்களுக்கு, மேலே சொன்ன தண்ணீர்ப் பிரச்சினையால், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நல்லது. 1981-ல் இருந்து எஸ்.எஸ். தகடு செய்கிற உருக்காலை இருக்கிற ஊரில் அதைப் பற்றிப் பேச ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கார் கம்பெனிகள் பெரும்பாலும் சைலன்சருக்குப் பயன்படுத்துவது 409 என்ற வகை. குரோமியம் சுமார் 11 சதவீதம், காந்தம் ஒட்டும். சில்லறையில் எனக்குக் கிடைத்தது 304. குரோமியம் 18, நிக்கல் 8 சதவீத அளவில் இருக்கும், காந்தம் ஒட்டாது. கவனமாக இருக்க வேண்டியது 202 விஷயத்தில். மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடுகிற பளபள பைப்பில் நிறைய அதுதான். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்தது. அதிலும் காந்தம் ஒட்டாது என்பதால் காந்தத்தை வைத்து 304 என்று நம்பிவிடக் கூடாது. ஒரு சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற சோதனை இருக்கிறது. கடையில் கேட்டால் செய்து காட்டுவார்கள். காட்ட மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

குழாயின் விட்டம் இன்னொரு வாதம். பழைய குழாய் ஒன்றே முக்கால் இஞ்ச். கடைகளில் ஒன்றரையும் இரண்டும் எளிதாகக் கிடைக்கின்றன, ஒன்றே முக்காலைத் தேட வேண்டியிருந்தது. "ரெண்டு இஞ்ச் போடுங்க, வண்டி பறக்கும்" என்றார்கள். எஞ்சினில் வேறு எதையும் மாற்றாமல் குழாயை மட்டும் பெரிதாக்கினால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான். புகையின் வேகம் குறைவதால் கீழ் ஆர்.பி.எம். இழுவை சற்றுக் குறையவும் கூடும். கொண்டை ஊசி வளைவில் இருந்து மெதுவாக எழுந்து வரும்போது நமக்கு வேண்டியதே அந்த இழுவை. அது போக, அடியில் இடமே குறைவான காரில் கால் இஞ்ச் கூடுதலாக இறங்கினால் வேகத்தடையில் இடிக்கும். சட்டமும் இருக்கிறது. சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் எல்லா வண்டிக்கும் கட்டாயம் என்று மத்திய மோட்டார் வாகன விதி 120 சொல்கிறது. 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் வந்த விதியும், வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆகவே அதே விட்டம், அதே பாதை, அதே இரண்டு பெட்டிகள் என்று வைத்துக்கொண்டேன்.

கழற்றும் வேலை பொறுமையைச் சோதிக்கும். மேனிஃபோல்டில் இருந்து கீழே இறங்கும் இரட்டைக் குழாயைப் பிடித்திருப்பவை ஆறு ஸ்டட்கள், அதாவது தலையில்லாத மரைத் தண்டுகள். வருடக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் இருந்த நட்டை ஒரே இழுப்பில் கழற்றப் பார்த்தால் ஸ்டட் முறிந்து கையோடு வரும். முந்தைய நாள் மாலையிலேயே துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஊற வைத்தோம், இரவில் இன்னொரு முறை. மறுநாள் எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி அணைத்துவிட்டு, மேஸ்திரி முதலில் நட்டை இறுக்கும் பக்கம் மயிரிழை திருப்பினார், அப்புறம் தளர்த்தினார். இப்படி முன்னும் பின்னுமாக. ஐந்து வந்துவிட்டன, ஆறாவது முறிந்தது. முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பினார். அந்தச் சூட்டிலேயே துருவின் பிடி விட்டு, ஸ்பானருக்குத் துண்டு அழகாகச் சுழன்று வந்தது. டிரில் போட்டு ஓட்டையைக் கெடுப்பதற்கு முன் இதை முயன்று பாருங்கள்.

வண்டியிலேயே வெல்டிங் வைப்பதானால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். அந்தக் காலத்து எம்.ஜி.பி.யில் இருக்கைக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருக்கும். எர்த் போவது பாசிட்டிவ் முனையில். பழக்கமில்லாதவர் அதை மாற்றி மாட்டிவிட வாய்ப்பு அதிகம், ஒயரில் எழுதி ஒட்டிவிடுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கம் வண்டியில் வைத்து எதையும் ஒட்டவே கூடாது.

இணைப்புகளுக்கு நடுவில் கசியாமல் இருக்க வைக்கும் பழைய கேஸ்கட்டுகளிலும், கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் வெப்பத் தகட்டின் உள்ளுறையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். காய்ந்தபடி சுரண்டினாலோ கிரைண்டர் வைத்தாலோ அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும். பட்டறைப் பையன்கள் காற்றுக் குழாயை வைத்து ஊதத் தயாராக இருந்தார்கள், தடுத்துவிட்டேன். தண்ணீரில் நன்றாக நனைத்து, முகக்கவசம் போட்டு, ஈரத்தோடு எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். இதில் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. நம் வண்டிக்காக அந்தப் பிள்ளைகள் நோய் வாங்கக் கூடாது.

மேனிஃபோல்டின் முகத்தில் நேர்கோலை வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்தினோம். இந்த எஞ்சினில் கலவை உள்ளே போகும் மேனிஃபோல்டையும் புகை வெளியே வரும் மேனிஃபோல்டையும் பக்கத்துப் பக்கமாக ஒரே கனத்த வாஷர் அழுத்திப் பிடிக்கிறது. ஒன்றைச் சீவினால் அதன் தடிமன் குறைந்து, வாஷர் சாய்ந்து நின்று, ஒரு பக்கம் அழுத்தமே இல்லாமல் போய்விடும். இரண்டையும் சேர்த்து அளந்து ஒரே தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும். புது கேஸ்கட்டையும் பழையதன் மேல் வைத்து ஓட்டைக்கு ஓட்டை ஒத்துப் பார்த்தோம்.

நட்டுகள் பித்தளையில் போட்டோம், அசலும் அதுதான். பித்தளை இரும்போடு சேர்ந்து துருவில் இறுகாது, அடுத்த முறை கழற்ற வரும். மரையைக் கவனியுங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் யு.என்.எஃப் என்ற இஞ்ச் கணக்கு மரை. 5/16 இஞ்ச் ஸ்டட்டும் 8 எம்.எம். நட்டும் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் ஏறும். அப்புறம் மரையைத் தின்றுவிடும். கையால் கடைசி வரை சுழலாத நட்டுக்கு ஸ்பானர் வைக்காதீர்கள்.

குழாய் வேலை லாரிகளுக்கு சைலன்சர் செய்கிற ஒரு பட்டறையில் நடந்தது. இரும்புக் குழாயாக இருந்தால் அவர்கள் உள்ளே காய்ந்த மணலைக் கெட்டித்து, இரண்டு முனையும் அடைத்து, சூடாக்கி வளைப்பார்கள். மணலில் ஈரம் இருந்தால் நீராவி அடைப்பானைத் துப்பாக்கிக் குண்டாக வெளியே தள்ளும், அதனால் மணலை முதலில் வறுத்துக்கொள்வார்கள். எஸ்.எஸ். என்பதால் ஆயத்த வளைவுகளை வெட்டி, கம்பி மாதிரியின் மேல் வைத்து, ஆர்கான் வெல்டிங்கில் இணைத்தார்கள். இரண்டு விஷயம் கேட்டு வாங்கினேன். ஒன்று, வெல்டிங் வைக்கும்போது குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும். இல்லையென்றால் உள்பக்கம் வெல்டிங் தையல் பொரிந்து கறுத்து, பிறகு அங்கேதான் விரிசல் விடும். இரண்டு, இரும்பு ஃபிளேஞ்சும் (இணைப்புத் தகடு) 304 குழாயும் சேரும் இடத்தில் 309எல் என்ற வெல்டிங் கம்பி. பின் பெட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 எம்.எம். ஓட்டை ஒன்று போடச் சொன்னேன், தேங்கும் தண்ணீர் சொட்டிப் போவதற்கு.

இனி மாட்டும் வேலை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சைலன்சர் தன் இடத்தில் தானாகத் தொங்க வேண்டும். தாங்கியை வைத்து அதை இழுத்துக் கொண்டுவரக் கூடாது. பட்டறைகளில் பெரும்பாலும் நடப்பது என்ன? முன்னால் முழுக்க இறுக்கிவிடுவார்கள், அடுத்த தாங்கிக்கு வரும்போது ஓட்டை ஒரு விரல் தள்ளி நிற்கும், கடப்பாரை போட்டு நெம்பி போல்ட்டை மாட்டுவார்கள். அன்று எல்லாம் சரியாக இருக்கும். அந்த நெம்பலின் இழுவை முழுதும் மேனிஃபோல்டு இணைப்பிலும் வெல்டிங்கிலும் போய் உட்கார்ந்திருக்கும். கொஞ்ச மாதத்தில் கேஸ்கட் ஊதும், அல்லது தாங்கி அறும், அல்லது வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே விரிசல் விடும். "இழுத்துக் கட்டுனா எங்கயாவது விட்டுத்தான் ஆகணும் சார்" என்றார் மேஸ்திரி.

அவர் செய்த முறை இது. முதலில் எல்லாவற்றையும் கையால் மட்டும் திருகி மாட்டினார். எந்த நட்டும் இறுகவில்லை. பிறகு வண்டியின் பின்னால் உட்கார்ந்து வால் குழாயைப் பிடித்து மெல்ல ஆட்டி விட்டார். அது எங்கே வந்து நிற்கிறதோ அதுதான் அதன் இடம். அந்த நிலையில் ஒவ்வொரு ரப்பர் தாங்கியும் நேராக, பக்கவாட்டில் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு தாங்கி சாய்ந்திருந்தது. ரப்பரை இழுத்து மாட்டாமல், குழாயின் மேல் தாங்கி மாட்டுவதற்காக இருந்த காதை வெட்டி எடுத்து அரை இஞ்ச் தள்ளி ஒட்டச் சொல்லிவிட்டார். அதற்காக முழுக் குழாயும் மறுபடி பட்டறைக்குப் போனது. பட்டறைக்காரருக்கு முணுமுணுப்பு. எனக்கு அந்த இடத்தில் மேஸ்திரி மேல் மரியாதை கூடியது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இந்தக் குழாய் ஓயாமல் நகர்கிறது. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்து அசைகிறது, குழாயின் முன்முனை அதோடு சேர்ந்து அசைகிறது, பின்முனை தொங்குவதோ அசையாத பாடியில். ஆகவே எஞ்சினுக்கு அடுத்து வரும் முதல் தாங்கி எஞ்சின், கியர்பாக்ஸோடு சேர்ந்து ஆடுவதாக இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் வருபவை ரப்பராக இருக்க வேண்டும். சூட்டின் கணக்கு தனி. 3 மீட்டர் இரும்புக் குழாய் சராசரியாக 200 டிகிரி சூடேறினால் 7 எம்.எம். நீளும். அதே நீளத்து 304 குழாய் 10 எம்.எம். நீளும். எஸ்.எஸ். போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பழைய இரும்புக் குழாய்க்கு உரசாமல் இருந்த இடைவெளி புதியதற்குப் போதாமல் போகலாம். ஆறியிருக்கும்போது பின் தாங்கிகளின் ரப்பர் லேசாக முன்பக்கம் சாய்ந்திருப்பது போல வைத்தால், சூடானதும் நேராகிவிடும்.

இறுக்குவது முன்னிருந்து பின்னாக. மேனிஃபோல்டில் ஆறு நட்டுகளையும் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக. பித்தளை மென்மையானது, பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். இணைப்புகளுக்கு யூ கிளாம்ப் வேண்டாம் என்றேன். அது குழாயை நசுக்கிப் பிடிக்கும், பிறகு வெட்டித்தான் பிரிக்க வேண்டும். பட்டையாக இருக்கும் கிளாம்ப் நல்லது. கிளாம்ப் போல்ட்டின் நுனிகள் தரையைப் பார்க்காமல் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ இருக்கட்டும். நம் ஊர் வேகத்தடைகள் முதலில் பிடிப்பது அவற்றைத்தான்.

இடைவெளியை வண்டி தூக்கி நிற்கும்போது பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். ஜாக்கியில் பாடி நிற்கும்போது பின் ஆக்ஸில் கீழே தொங்கும், சக்கரத்தில் நிற்கும்போது மேலே வரும், பள்ளத்தில் விழும்போது இன்னும் மேலே வரும். குழாய் ஆக்ஸிலைத் தாண்டும் இடத்தில் இந்த மூன்று நிலையும் வேறு வேறு. வண்டியைக் குழியின் மேல் சக்கரத்தில் நிறுத்தி, இருக்கைகளில் ஆட்களை உட்கார வைத்து, டிக்கியில் மூட்டையை ஏற்றி, அடியில் விளக்குப் பிடித்துப் பார்த்தோம். பிரேக் பைப், கைபிரேக் கேபிள், பெட்ரோல் லைன் மூன்றுக்கும் ஒரு விரல் தடிமனுக்குக் குறையாமல் இடம் இருக்க வேண்டும்.

முதல் முறை ஸ்டார்ட் செய்வதை வெட்டவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெயும், பெட்டிக்குள் அடைத்த கண்ணாடிப் பஞ்சின் பசையும் எரிந்து புகையும், அது சீக்கிரம் அடங்கிவிடும். சோப்புத் தண்ணீரை இணைப்புகளில், சூடாவதற்குள் தடவிப் பார்த்தால் கசிகிற இடம் குமிழி விடும். கொஞ்சம் ஓட்டி வந்து, முழுக்க ஆறிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி பார்த்தோம். மேனிஃபோல்டில் ஒவ்வொன்றும் சிறிது ஏறியது. கேஸ்கட் அமர்ந்ததால் அப்படி. இந்த இரண்டாவது இறுக்கத்தை விட்டுவிட்டால் போட்ட உழைப்பெல்லாம் வீண்.

கடைசியாகக் கார்புரேட்டர். கசிவு நின்றதும் எஞ்சினின் மூச்சு மாறும், பழைய அமைப்பு ஒத்துவராது. இதில் இருப்பவை எஸ்.யூ. எச்.எஸ்.4 வகைக் கார்புரேட்டர்கள் இரண்டு. பக்கத்தில் இருக்கும் சிறு ஊசியை மெல்ல மேலே தள்ளி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை இம்மியளவு தூக்கிப் பாருங்கள். ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஒரு கணம் ஏறிப் பழைய நிலைக்கே வந்தால் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை சரி. ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். விழுந்து அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. அடியில் இருக்கும் நட்டை ஒரு பட்டை மட்டும் திருப்பி, மறுபடி பார்க்க வேண்டும், இரண்டிலும் ஒரே அளவாக.

மலையில் ஓட்டுகிறவர்கள் இதை எங்கே வைத்துச் செய்கிறோம் என்பதிலும் கவனமாக இருக்க வேண்டும். சேலம் கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று மெலிதாவதால் கீழே சரியாக இருந்த கலவை மேலே சற்று பெட்ரோல் தூக்கலாக ஆகும். அதனால் பெரிய கெடுதல் இல்லை, இழுவை சிறிது மந்தமாகும், அவ்வளவுதான். மாறாக, ஏற்காட்டில் தங்கியிருக்கும்போது அங்கேயே திருகிச் சரி செய்துவிட்டுக் கீழே இறங்கினால், சமவெளியில் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சூடேறும், புகை வால்வுகள் கருகும். ஆகவே சேலத்திலேயே, காலைக் குளிரில் அல்லாமல் எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது வைத்துக்கொண்டு, மலையில் தொடாமல் விட்டுவிடுகிறேன்.